வரிக் கடிதத்தில் சேர்த்த ஒரு வாக்கியம்

நிலுவைக் காசை வசூலிப்பது வியாபாரிகளாகிய நமக்குப் பழகிப்போன தலைவலி. அரசாங்கங்களுக்கும் அதே தலைவலிதான். வழமையாக அவை தண்டப்பணம், வழக்கு என்று இறங்கும். பிரித்தானிய அரசாங்கம் வேறொரு வழியையும் பரீட்சித்துப் பார்த்தது.

2010இல், டேவிட் கமரூன் பிரதமராக இருந்தபோது, அங்கே அமைச்சரவைக் காரியாலயத்தில் சிறு குழுவொன்று அமைக்கப்பட்டது. மனிதன் உண்மையில் எப்படித் தீர்மானம் எடுக்கின்றான் என்பதைப் பார்த்து, அதற்கேற்ப அரசின் நடைமுறைகளைத் திருத்துவதே அதன் வேலை. டேவிட் ஹல்பேர்ன் என்ற உளவியலாளர் தலைமை தாங்கினார்.

2011இல், வரி நிலுவை வைத்திருந்த ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோருக்கு நினைவூட்டல் கடிதம் போனது. சிலருக்கு வழமையான கடிதம். ஏனையோருக்கு அதிலேயே ஓரிரு வாக்கியங்கள் மேலதிகமாக. ஆகக் கூடிய பலன் தந்த வாசகத்தின் கருத்து இதுதான்: நாட்டில் பத்தில் ஒன்பது பேர் உரிய காலத்தில் வரி செலுத்துகின்றனர், இன்னும் செலுத்தாத மிகச் சிலரில் நீங்களும் ஒருவர். 23 நாட்களுக்குள், வழமையான கடிதம் பெற்றோரை விட நூற்றுக்கு ஐந்து பேர் அதிகமாகப் பணம் கட்டினர். கடிதம் எப்படியும் போகத்தான் போகின்றது, முத்திரைச் செலவும் ஒன்றுதான். ஐந்து பேர்தானா என்று கேட்பவர் தன் கடன் கொப்பியில் நூறு பெயரை எண்ணிப் பார்க்கட்டும்.

ஆனால் பிந்திய பரிசோதனைகளில், மிகப் பெரிய தொகை நிலுவை வைத்திருந்தோரிடம் இந்த வாசகம் எடுபடவில்லை. எதிர்மாறாகவே வேலை செய்தது. வரி கட்டாவிட்டால் வைத்தியசாலை, வீதி போன்ற பொதுச் சேவைகளை எல்லோரும் இழக்க நேரிடும் என்ற பேச்சுத்தான் அவர்களை அசைத்தது. நமக்கு இது புதினமல்ல. ஐநூறு ரூபா பாக்கிக்காரரும் ஐந்து இலட்சம் பாக்கிக்காரரும் ஒரே பேச்சுக்கு மசிவதில்லையே!

இன்னுமொன்று. பத்தில் ஒன்பது பேர் கட்டுகின்ற நாட்டில்தான் அப்படி எழுதலாம். பலர் கட்டாத நாட்டில் அது பொய்யாகிவிடும். உண்மைக் கணக்கை எழுதினாலோ, ஒழுங்காகக் கட்டுபவனும் "நான் மட்டும் ஏன்?" என்று யோசிப்பான். அத்தகைய நாடுகள் படிவத்திலிருந்து தொடங்கலாம் என்பது என் அபிப்பிராயம். பிரித்தானிய வரித் திணைக்களம் இதையும் செய்து பார்த்தது. படிவம் இருக்கும் இணையப் பக்கத்தைக் காட்டாமல், நேரே படிவத்துக்கே ஆளைக் கொண்டுபோய் விட்டபோது, பதில் அனுப்பியோர் 19.2 வீதத்திலிருந்து 23.4 வீதமாக உயர்ந்தனர். குறைந்தது ஒரு படி. அவ்வளவுதான்.