எருமைக்கு எதிரே ஒரு மரவில்

ஆப்பிரிக்காவில் கேப் எருமையைச் சுடக் கிளம்புகிறவர் .375 அளவுக்குக் குறைந்த துப்பாக்கியைக் கொண்டுபோகக் கூடாது என்பது பல நாடுகளில் சட்டம். அந்தத் துப்பாக்கித் தோட்டா ஏறக்குறைய 5,700 ஜூல் ஆற்றலோடு பாய்கிறது. 70 பவுண்டு இழுவிசையுள்ள மரவில்லிலிருந்து புறப்படும் அம்புக்கு ஏறக்குறைய 60 ஜூல்தான் தேறும். இருந்தும் தென்னாப்பிரிக்காவிலும் ஜிம்பாப்வேயிலும் உரிமம் வாங்கிக்கொண்டு, கப்பியும் குறிகாட்டியும் இல்லாத லாங்போ (நெடுவில்), நுனி வெளிப்புறம் வளைந்த ரீகர்வ் விற்களோடு எருமைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வீழ்த்திவிட்டும் வருகிறார்கள். இந்த வேட்டை தேவையா என்பது தனி வழக்கு. நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதற்கு இடமே இல்லை. நூறில் ஒரு பங்கு ஆற்றலை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சாதிக்கிறார்கள் என்பதே இங்கே கேள்வி.

தோட்டா அடித்துச் சிதைக்கிறது. அம்பு அறுக்கிறது. இரண்டு நுரையீரலையும் ஒரே கோட்டில் அறுத்துப் போனால் சற்று நேரத்தில் எருமை சாயும். அதற்கு முன்னால் கனத்த தோலையும், அகலமாக, நெருக்கமாக அமைந்த விலா எலும்புகளையும் அம்பு தாண்டியாக வேண்டும். எலும்பில் நின்றுவிட்டால் காயம்பட்ட எருமைதான் மிச்சம். அதைவிடப் பொல்லாத விலங்கு அந்தக் காட்டில் குறைவு.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் எத்தனை பவுண்டு வில் என்றுதான் கேட்பார்கள். என்னைக் கேட்டால் அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. தெரிவை அம்பின் நுனியில் தொடங்கிப் பின்னோக்கி வர வேண்டும். இதற்கு ஆதாரம் தேடித் தந்தவர் டாக்டர் எட் ஆஷ்பி. 1980-களில் தென்னாப்பிரிக்காவின் நடால் பகுதியில் தொடங்கி, செத்த பெரிய விலங்குகளின் உடலில் விதவிதமான அம்புகளை எய்து, எது எலும்பில் நின்றது, எது ஊடுருவியது என்று ஆண்டுக்கணக்கில் குறித்துவந்தார்.

அவர் முதலில் வைக்கும் நிபந்தனை, அம்பின் எந்த உறுப்பும் உடையக் கூடாது, வளையக் கூடாது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். அதனால்தான் பட்டவுடன் விரியும் முனைகளையும், மூன்று நான்கு அலகு கொண்ட அகல முனைகளையும் எருமைக்காரர்கள் தொடுவதில்லை. இரண்டே அலகு, அகலத்தைப்போல் மூன்று மடங்கு நீளம், திண்ணமான எஃகு: இதுவே அவர்கள் தேடுவது. அதிலும் ஒவ்வொரு விளிம்பையும் ஒரே பக்கம் மட்டும் சாய்த்துத் தீட்டிய முனைக்குத் தனி மரியாதை. எலும்புக்குள் நுழையும்போது அந்தச் சாய்வு முனையைத் திருகிவிடும். திருகலில் எலும்பு பிளந்து வழி விடும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அம்பின் வாலில் ஒட்டும் வான்கோழி இறகு பறக்கும்போதே அம்பைச் சுழற்றுகிறது. வலச்சிறகு இறகு ஒரு திசையில் சுழற்றும், இடச்சிறகு இறகு எதிர்த்திசையில். முனையின் சாய்வும் அதே திசைக்கு இருக்க வேண்டும். மாறினால் தோலைத் தொட்ட கணத்திலேயே அம்பு தன் சுழற்சியோடு தானே மல்லுக்கட்டும். கடையில் இறகுப் பொட்டலத்தையும் முனைப் பெட்டியையும் தனித்தனி நாளில் வாங்கிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் பலர்.

அடுத்து எடை. கனமான எலும்பை நம்பகமாகத் துளைக்க அம்பு 650 கிரெய்னாவது, அதாவது 42 கிராமாவது, இருக்க வேண்டும் என்பது ஆஷ்பியின் கணக்கு. எருமைக்குப் போகிறவர்கள் அதற்கும் மேலேயே போகிறார்கள். இலேசான அம்பு வேகமாகப் போகுமே என்று தோன்றலாம். போகும், ஆனால் வில்லில் சேர்ந்த ஆற்றலில் ஒரு பகுதியை வாங்காமலே கிளம்பிவிடும். மிச்சம் வில்லின் கைகளில் அதிர்வாகி நம் மணிக்கட்டைத்தான் குலுக்கும். இருபது மீட்டருக்குள் எய்யப்போகிறவருக்கு வேகத்தால் பெரிய இலாபமும் இல்லை.

எடையை எங்கே ஏற்றுவது என்பதும் முக்கியம். மாட்டுவண்டிக்கு முன்பாரம் பார்ப்பதுபோல அம்புக்கும் பார்க்க வேண்டும். முன்பக்கம் கனத்தால் தண்டு வளைந்து ஆற்றலை விரயமாக்காமல் முனையின் பின்னாலேயே நேராக வரும். ஆனால் முனையில் எடை கூடக் கூடத் தண்டு தளர்ந்ததுபோல நடந்துகொள்ளும். நாணை விட்ட நொடியில் அம்பு வில்லைச் சுற்றி நெளிந்துதான் வெளியேறுகிறது. அந்த நெளிவு இலக்கை அடைவதற்குள் அடங்க வேண்டும். சரியான விறைப்புள்ள தண்டைக் கண்டுபிடிக்க, இறகு ஒட்டாத அம்பை எய்து பார்ப்பார்கள். வலக்கைக்காரர் எய்த மொட்டை அம்பு வலப்புறம் விலகினால் தண்டு தளர்வு, இடப்புறம் விலகினால் விறைப்பு அதிகம். அலுப்பூட்டும் வேலைதான். இதைத் தாண்டிக் குதித்தவரின் அம்பு எருமையின் விலாவில் கோணலாகப் போய் முட்டும்.

வில்லுக்கு இப்போது வருவோம். அதில் எழுதியிருக்கும் 70 பவுண்டு, 28 அங்குலம் இழுத்தால் கிடைக்கும் விசை. 26 அங்குலமே இழுக்கிற குட்டைக் கைக்காரருக்கு நாலைந்து பவுண்டு குறைந்துவிடும். அதற்காக 90 பவுண்டுக்குத் தாவுவது பெரிய தவறு. முழங்கால் ஊன்றி, வில்லை வானத்துக்குத் தூக்காமல், நிதானமாக இழுக்க முடிகிற விசைதான் உங்கள் விசை.

இதற்கு நேர்மாறான ஒரு மரபும் உண்டு. கென்யாவின் சாவோ பகுதியில் வாழ்ந்த வாட்டா மக்கள் 100 பவுண்டைத் தாண்டிய நெடுவிற்களால் யானையை வேட்டையாடினார்கள். அவர்கள் அம்பு நுரையீரலை அறுக்கத் தேவையில்லை. அகோகாந்தெரா மரத்திலிருந்து காய்ச்சிய நஞ்சு, தடித்த யானைத் தோலைக் கடந்து உள்ளே சேர்ந்தால் போதும்; அதிலுள்ள ஊவாபைன் இதயத்தை நிறுத்திவிடும். 1948-இல் சாவோ தேசியப் பூங்காவானது. 1950-களின் நடுவில் அங்கே நடந்த ஒடுக்குமுறையில் அவர்களில் பலர் திருட்டு வேட்டைக்காரர்கள் என்று சிறைக்குப் போனார்கள்.

நஞ்சில்லாத வில்லாளிக்கு இன்னொரு கருவி தேவை, அது அவர் கையில் இருக்காது. சாக்ஸ்டன் போப் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், யாஹி இனத்தின் கடைசி மனிதரான இஷியிடம் வில்வித்தை பழகியவர். 1925-இல் அவரும் ஆர்தர் யங்கும் டாங்கனிகாவுக்குச் சிங்க வேட்டைக்குப் போனபோது துப்பாக்கியோடு ஸ்டீவர்ட் எட்வர்ட் ஒயிட் உடனிருந்தார். அந்த ஏற்பாடு இன்றும் மாறவில்லை. அம்பு பட்ட எருமை புதருக்குள் ஓடி மறைந்தால், காத்திருந்துவிட்டு, பெருந்துளைத் துப்பாக்கி வைத்திருக்கும் தொழில்முறை வேட்டை வழிகாட்டிதான் இரத்தத் தடம் பிடித்து முன்னால் போவார். வில்லாளி அவர் பின்னால் போக வேண்டியதுதான்.