உங்களுக்குத் தெரியுமா? சூடு தணிக்கும் ஹீட் சிங்க்

கம்ப்யூட்டர், ஆம்ப்ளிஃபையர், இன்வெர்ட்டர் என எதைத் திறந்தாலும் வரிசையாக நிற்கும் உலோகத் தகடுகள் கண்ணில் படும். அதுதான் ஹீட் சிங்க். பக்கத்தில் இருக்கும் சிப்பின் ஆயுள் அதை நம்பித்தான் இருக்கிறது!

● ஹீட் சிங்க் தானாகக் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. சிப்பில் பிறக்கும் சூட்டை வாங்கி, பரப்பி, காற்றிடம் ஒப்படைக்கிறது. அறையில் 35 டிகிரி வெயில் வெக்கை என்றால், வேலை செய்யும் சிப்பின் சூடு அதற்கு மேலேதான் இருக்கும். ஃபேன் வைத்தாலும் இதில் மாற்றமில்லை.

● ஏன் இத்தனை தகடுகள்? 5 செ.மீ. சதுரப் பலகையின் மேல்பரப்பு 25 சதுர செ.மீ. அதன்மேல் 3 செ.மீ. உயரத்தில் 10 தகடுகளை நிறுத்துங்கள். பக்கங்கள் மட்டுமே 300 சதுர செ.மீ. ஆகிவிடும். காற்று படும் இடம் 12 மடங்கு!

● அதற்காகத் தகடுகளை நெருக்கி அடுக்கிவிட முடியாது. ஃபேன் இல்லாத ஹீட் சிங்கில் சூடான காற்று தானாக மேலே ஏற வேண்டும். இடுக்கு குறுகினால் காற்று உள்ளேயே தேங்கிவிடும். இடைவெளிகள் மேலும் கீழுமாகத் திறந்திருக்கும்படி செங்குத்தாகப் பொருத்துவதும் இதற்காகத்தான்.

● செம்பு, அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். ஆனால் எடை மூன்று மடங்குக்கும் அதிகம், விலையும் கூடுதல். அலுமினியத்தையோ, சூடாக்கி இளக வைத்து, முறுக்கு பிழிவதுபோல அச்சின் வழியே தள்ளி, தகடுகளோடு ஒரே துண்டாக எடுத்துவிடலாம். பெரும்பாலான ஹீட் சிங்க்குகள் அலுமினியத்தில் வருவது இதனால்தான்.

● வழவழப்பாகத் தெரியும் இரு உலோகப் பரப்புகளைச் சேர்த்து வைத்தாலும் நடுவே நுண்ணிய பள்ளங்களில் காற்று நிற்கும். காற்றைவிட அலுமினியம் பல ஆயிரம் மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தக்கூடியது. அந்தக் காற்றை வெளியேற்றத்தான் தெர்மல் பேஸ்ட். மெல்லிய பூச்சு போதும். பேஸ்ட்டின் கடத்துதிறன் உலோகத்தைவிடக் குறைவு என்பதால், அப்பி வைத்தால் அதுவே தடையாகிவிடும்.

● ஆம்ப்ளிஃபையரில் டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே கண்ணாடிபோல ஒரு மெல்லிய தாள் இருக்கும். அது மைக்கா. பல பவர் டிரான்சிஸ்டர்களின் உலோக முதுகிலேயே மின்சாரம் இருக்கும். சூட்டை விட்டு, மின்சாரத்தைத் தடுப்பது மைக்காவின் வேலை. திருகாணி வழியாகவும் மின்சாரம் கசியாதிருக்க, அதற்கும் ஒரு பிளாஸ்டிக் புஷ் போடுவார்கள்.

● லேப்டாப்பில் தட்டையான செம்புக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அவை 'ஹீட் பைப்'. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் மட்டும் விட்டு மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே ஆவியாகும். ஆவி மறுமுனைக்குப் போய்க் குளிர்ந்து நீராகி, குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்துளைகள் வழியே திரும்பி வரும். மோட்டாரே தேவையில்லை! 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதைச் செய்து காட்டினார்.

● விண்வெளியில் காற்று கிடையாது. அதனால் சர்வதேச விண்வெளி நிலையத்தில் சூட்டை அம்மோனியா சுமந்து செல்கிறது. வெளியே விரிந்த பெரிய பலகைகள் அதை அகச்சிவப்புக் கதிர்களாக வெளியேற்றுகின்றன.

● இதே கருவிகளுக்குள் இருக்கும் இன்னொரு பாகமான எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டரின் சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு.

ஆகவே, இன்வெர்ட்டரைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். செட்-டாப் பாக்ஸ்மேல் துணி போடாதீர்கள். அவ்வப்போது மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, தகடுகளில் படிந்த தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். காற்றுக்கு வழி விட்டால் போதும், கருவி கூடுதல் காலம் உழைக்கும்.