உப்பளத்தில் ஒரு தனிம அட்டவணை

ஒரு லிட்டர் கடல்நீரைக் காய்ச்சி முழுவதும் வற்றவைத்தால் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் மிஞ்சும். அதில் முக்கால் பங்குக்கு மேல் சோடியம் குளோரைடு. நாம் சமையலில் போடும் உப்பு. மீதியில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் உப்புகள் இருக்கும். சிறிதளவு புரோமினும், அதைவிட மிகக் குறைவாக அயோடினும் உண்டு. இத்தனையும் கலந்து கிடக்கும் நீரிலிருந்து சமையல் உப்பை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள் தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளத் தொழிலாளர்கள். தனிமம், சேர்மம், கலவை என்று பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன மூன்றும் அந்தப் பாத்திகளில் கண்கூடாகத் தெரிகின்றன.

வெயில் பிரிக்கும் கலவை

கடல்நீர் ஒரு கலவை. கலவைக்கு நிலையான அளவு கிடையாது. பால்டிக் கடலின் நீரில் உப்பு மிகக் குறைவு. சாக்கடலில் சாதாரணக் கடலைப் போலப் பத்து மடங்குக்கு நெருக்கமாக இருக்கிறது. இரண்டும் உப்பு நீர்தான். கலவையில் உள்ள பொருள்கள் ஒவ்வொன்றும் தன் குணத்தை இழக்காமல் இருப்பதால், அவற்றைப் பிரிக்க வெயிலும் காற்றும் போதும்.

நீர் வற்ற வற்ற, குறைவாகக் கரையும் பொருள் முதலில் படிகிறது. முதலில் கால்சியம் கார்பனேட், அதன்பின் ஜிப்சம். இந்த ஜிப்சத்தை வாரி சிமென்ட் ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். நீரின் அடர்த்தி போமே அளவுகோலில் 25 டிகிரியைத் தாண்டும்போது சோடியம் குளோரைடு படிகமாகத் தொடங்கும். 29, 30 டிகிரியை நெருங்கும்போது மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். அதில் தங்கியிருப்பவை பெரும்பாலும் மக்னீசியம் உப்புகள். அவையும் சேர்ந்து படிந்தால் உப்பு கசக்கும்.

மழைக்காலத்தில் ஜாடியில் கல் உப்பு நீர்த்துப்போவதற்கும் பெரும்பாலும் இந்த மக்னீசியம் குளோரைடுதான் காரணம். காற்றின் ஈரத்தை அது எளிதில் உறிஞ்சும். தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டும்வரை அப்படிச் செய்வதில்லை.

வெயிலால் பிரியாத சேர்மம்

கடல்நீரைப் பிரித்த வெயிலால் உப்பைப் பிரிக்க முடியாது. 801 டிகிரி செல்சியஸில் உப்பு உருகும். உருகிய பின்னும் அது சோடியம் குளோரைடாகவே இருக்கும். ஏனென்றால் அது சேர்மம். அதில் சோடியமும் குளோரினும் வேதிப்பிணைப்பால் கட்டுண்டிருக்கின்றன.

1807இல் லண்டனில் ஹம்ப்ரி டேவி, உருகிய காஸ்டிக் சோடாவில் மின்சாரம் பாய்ச்சி முதன்முறையாகச் சோடியத்தைத் தனியே எடுத்தார். கத்தியால் வெட்டக்கூடிய மென்மையான உலோகம் அது. தண்ணீரில் போட்டால் சீறிப் பாய்ந்து தீப்பற்றும். அதனால்தான் ஆய்வகங்களில் மண்ணெண்ணெயில் வைக்கிறார்கள். குளோரினை 1774இல் ஸ்வீடனின் ஷீலே கண்டறிந்தார். அது ஒரு தனிமம் என்று 1810இல் அறிவித்தவர் டேவி. மஞ்சள் கலந்த பச்சை நிற நச்சு வாயு. 1915இல் பெல்ஜியத்தின் இப்பர் போர்க்களத்தில் மனிதர்களைக் கொல்ல அதைத் திறந்துவிட்டார்கள்.

தீப்பற்றும் உலோகமும் நச்சு வாயுவும் சேர்ந்து, நம் உயிருக்குத் தேவையான உப்பாகின்றன. சேரும் விகிதமும் மாறாது: 100 கிராம் தூய உப்பில் ஏறத்தாழ 39 கிராம் சோடியம், 61 கிராம் குளோரின். தூத்துக்குடி உப்பானாலும், பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்திலிருந்து வரும் இளஞ்சிவப்பு உப்பானாலும் இதே கணக்குதான். இளஞ்சிவப்பு நிறம் அதோடு கலந்துள்ள இரும்புச் சேர்மங்களால் வருகிறது. அதிக விலை கொடுத்து வாங்குவதும் பெரும்பங்கு அதே சோடியம் குளோரைடைத்தான்.

ஒரே பத்தியில் உறவினர்கள்

1826இல் பிரான்சின் மான்பெல்லியே ஊர் உப்பளங்களின் மிச்ச நீரிலிருந்து பலார் என்ற இளைஞர் புரோமினைப் பிரித்தார். அதற்கு முன்பே, 1811இல், கடற்பாசிச் சாம்பலிலிருந்து கூர்துவா அயோடினைக் கண்டிருந்தார். 1829இல் ஜெர்மனியின் டாபர்னீர் ஓர் ஒழுங்கைக் கவனித்தார். குளோரினின் அணு எடை 35.5, அயோடினின் எடை 127. இரண்டின் சராசரி ஏறத்தாழ 81. புரோமினின் எடை 80. லித்தியம் 7, பொட்டாசியம் 39; சராசரி 23. அதுவே சோடியத்தின் எடை.

இத்தகைய ஒழுங்குகளை 1869இல் ஒரே அட்டவணையில் கொண்டுவந்தார் ரஷ்யாவின் மெண்டெலீவ். எடை வரிசைப்படி டெல்லூரியத்துக்கு முன்னால் அயோடின் வந்திருக்க வேண்டும். ஆனால் அயோடினின் குணம் குளோரினோடும் புரோமினோடும்தான் ஒத்துப்போனது. அவர் எடையைவிடக் குணத்தை நம்பி, அயோடினைப் பின்னால் வைத்தார். 1913இல் இங்கிலாந்தின் மோஸ்லே தொடங்கிய எக்ஸ் கதிர் ஆய்வுகள், அட்டவணையின் உண்மையான அடிப்படை எடையல்ல, அணு எண் என்று காட்டின. அதன்படி டெல்லூரியம் 52, அயோடின் 53. மெண்டெலீவ் வைத்த இடம் சரியாக இருந்தது.

அட்டவணையில் மேலிருந்து கீழாக ஒரே பத்தியில் உள்ள தனிமங்களின் குணம் ஒத்திருப்பதற்குக் காரணம், அவற்றின் வெளிக்கூட்டிலுள்ள எலக்ட்ரான்கள். சோடியத்துக்கு அங்கே ஒன்று மட்டும் உண்டு; அதை எளிதில் இழக்கும். குளோரினுக்கு ஏழு, எட்டாக்க ஒன்று தேவை. இந்தக் கொடுக்கல் வாங்கலில் பிறப்பதுதான் உப்பு. இன்று அட்டவணையில் 118 தனிமங்கள் இருக்கின்றன. அவற்றின் வேதிக்குணத்துக்குப் பெரும்பாலும் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களே அடித்தளம்.

சமையலறைக்கு வரும் பாடம்

இந்த அறிவைத் தேர்வோடு விட்டுவிட முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பாக்கெட் உணவின் உறையில் பல நேரம் உப்பின் அளவு இருக்காது, சோடியத்தின் அளவே இருக்கும். தனிமத்தின் எடையிலிருந்து சேர்மத்தின் எடையை அறிய 2.5ஆல் பெருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 2 கிராமுக்குக் குறைவான சோடியமே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதாவது 5 கிராம் உப்பு. ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. உறையில் '800 மில்லிகிராம் சோடியம்' என்றிருந்தால், உறை குறிப்பிடும் அந்த அளவு உணவிலேயே 2 கிராம் உப்பு உள்ளே போகிறது.

ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்காகச் 'சோடியம் குறைந்த உப்பு' கடைகளில் கிடைக்கிறது. அது சோடியம் குளோரைடோடு பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்த கலவை. அட்டவணையில் சோடியத்துக்கு நேர் கீழே பொட்டாசியம் இருப்பதால் குணமும் நெருக்கம், சுவையும் நெருக்கம். ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களின் உடலால் கூடுதல் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. அது இதயத் துடிப்பையே குலைத்துவிடும். மருத்துவரைக் கேட்காமல் அவர்கள் இந்த உப்பைத் தொடக் கூடாது.

சோடியத்துக்கு நேர் மேலே இருப்பது லித்தியம். 1940களின் இறுதியில் அமெரிக்காவில் இதய நோயாளிகளுக்கு உப்புக்கு மாற்றாக லித்தியம் குளோரைடு விற்கப்பட்டது. நச்சேறிச் சிலர் இறந்ததால் 1949இல் அதைச் சந்தையிலிருந்து அகற்றினார்கள். தனிம அட்டவணை யார் யாருக்கு உறவு என்று சொல்லும். ஒருவர் இடத்தில் இன்னொருவரை உட்கார வைக்கலாம் என்று எங்கும் சொல்வதில்லை. மாற்று உப்பு பாக்கெட்டைக் கையில் எடுக்கும்போது, அதில் சோடியத்துக்குப் பதிலாக எது சேர்ந்திருக்கிறது, அது நம் உடலுக்கு ஆகுமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.