மோட்டார் ஹோம்: நிற்கும் இரவுகளின் கணக்கு

2021இல் அமெரிக்காவில் ஆலைகளிலிருந்து விற்பனைக்குச் சென்ற, தங்கும் வசதி கொண்ட ஆர்.வி. வண்டிகள் 6,00,240. 2023இல் 3,13,174. இரண்டே ஆண்டில் 48 சதவீதச் சரிவு. 2024இல் எண்ணிக்கை 3,33,733ஆகச் சற்றே தேறியது. இவற்றில் பெரும்பங்கு, வேறொரு வண்டி இழுத்துச் செல்லும் டிரெய்லர்கள். எஞ்சினும் படுக்கையும் அடுப்பும் ஒரே கூட்டுக்குள் அமைந்த மோட்டார் ஹோம் பத்தில் ஒரு பங்கு அளவே. இங்கே பார்ப்பது அதன் கணக்கை.

சிகாகோவில் பணி ஓய்வு பெற்ற தம்பதி. மகள் குடும்பம் தெற்கு டகோட்டாவின் ராபிட் சிட்டியில் எனக் கொள்வோம். தூரம் சுமார் 900 மைல், அதாவது 1,450 கி.மீ. போக வர 1,800 மைல். கேலனுக்கு 10 மைல் ஓடும் மோட்டார் ஹோமுக்கு 180 கேலன் (681 லிட்டர்) பெட்ரோல் வேண்டும். 30 மைல் ஓடும் காருக்கு 60 கேலன் போதும். 2024இன் சராசரி விலையான சுமார் 3.30 டாலரில் வண்டிக்கு 594 டாலர், காருக்கு 198 டாலர். வித்தியாசம் 396 டாலர். 2022 ஜூனில் விலை 5.02 டாலரைத் தொட்டபோது இதே வித்தியாசம் 602 டாலராக இருந்திருக்கும்.

ஓட்டத்தில் இழப்பதைத் தங்கலில்தான் மீட்க வேண்டும். ஹோட்டல் அறை இரவுக்கு 120 டாலர், கேம்ப்கிரவுண்ட் 50 டாலர் என்று வைத்தால் மிச்சம் 70 டாலர். 396 டாலர் ஆறாம் இரவில் ஈடாகிவிடும்.

ஆனால் வண்டி சும்மா வரவில்லை. 1,00,000 டாலருக்கு வாங்கி, 10 ஆண்டு கழித்து 40,000 டாலருக்கு விற்றால் தேய்மானம் ஆண்டுக்கு 6,000 டாலர். காப்பீடு, டயர், குளிர்காலப் பராமரிப்பு இதில் சேரவில்லை. ஆண்டுக்கு 20 இரவு மட்டும் பயன்படுத்தினால் தேய்மானமே இரவுக்கு 300 டாலர். ஹோட்டல் வாடகையைப்போல் இரண்டரை மடங்கு. சிக்கனம் என்று சொல்லி இந்த வண்டியை விற்பவர்கள் இந்த எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மகள் வீட்டு வாசலில் நிறுத்தினால் கட்டணம் 0. அங்கே கிடைக்கும் சாதாரண பிளக் 120 வோல்ட், 15 ஆம்பியர்: 1,800 வாட். கேம்ப்கிரவுண்டின் 30 ஆம்பியர் இணைப்பு 3,600 வாட் தரும். கூரை ஏ.சி. மட்டுமே சுமார் 1,500 வாட் இழுக்கும். எனவே மைக்ரோவேவ் போடுமுன் ஏ.சி.யை அணைக்க வேண்டும்; இல்லையெனில் வீட்டு பிரேக்கர் ட்ரிப் ஆகும். எத்தனை நாள் நிறுத்தலாம் என்பதற்குப் பல ஊர்களில் வரம்பும் உண்டு.

வழியில் வால் என்ற சிற்றூர். மக்கள்தொகை 2010இல் 766, 2020இல் 699. பக்கத்து பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்கு ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் வருகைகள். ஊர்க்காரர் ஒருவருக்கு 1,400க்கும் மேல். 1931இல் கைமாறிய ஒரு மருந்துக்கடை 1936இல் வழிப்போக்கர்களுக்கு இலவச ஐஸ் தண்ணீர் தரத் தொடங்கியது. அந்தக் கடையால்தான் ஊர் பெயர் பெற்றது. ஊருக்குத் தெற்கே பஃபலோ கேப் புல்வெளியில் 14 நாள் வரை கட்டணமின்றித் தங்கலாம். இருப்பினும் வண்டியின் 40 கேலன் தண்ணீர்த் தொட்டியில் 151 லிட்டர்தான் பிடிக்கும். இருவர் நாளுக்கு 40 லிட்டர் செலவிட்டால் நான்காம் நாளே ஊருக்குள் வந்தாக வேண்டும். தண்ணீருக்கு வருபவர் பெட்ரோலும் மளிகையும் வாங்கிப் போவார் என்று கருத இடமுண்டு.

62 வயது நிரம்பியவர்களுக்கான தேசியப் பூங்கா ஆயுள் பாஸ் 2017 ஆகஸ்டு 28இல் 10 டாலரிலிருந்து 80 டாலரானது. பேட்லாண்ட்ஸ் நுழைவு வண்டிக்கு 30 டாலர் என்பதால் மூன்றாம் முறையில் பணம் திரும்பிவிடும். குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றோருக்கும் மட்டுமே பாஸ் உண்டு. விசாவில் வந்த தமிழ்நாட்டுப் பெற்றோர் வாங்க முடியாது; பாஸ் உள்ளவரின் வண்டியில் உடன் செல்லலாம்.

ஓர் ஆண்டைக் கூட்டிப் பார்ப்போம். மகள் வீட்டில் 30 இரவு, புல்வெளியில் 6, கேம்ப்கிரவுண்டில் 12, மொத்தம் 48. ஹோட்டலோடு ஒப்பிட மிச்சம் 3,600 + 720 + 840 = 5,160 டாலர். எரிபொருள் வித்தியாசம் 396 போக 4,764. தேய்மானத்துக்கு 1,236 டாலர் குறைகிறது. இரவுக்கு 26 டாலர். தன் படுக்கையும் தன் அடுப்புமாக ஒரு மாதம் பேரப்பிள்ளைகளின் அருகில் இருக்க, இது அதிகமாக எனக்குப் படவில்லை. பெட்ரோல் 2022 ஜூன் விலைக்கே ஏறினாலும் இரவுக்கு 4 டாலர்தான் கூடும். மகள் வீட்டில் விருந்தினர் அறை ஒன்று இருந்துவிட்டாலோ, ஹோட்டல் செலவே இல்லாததால் 3,600 டாலர் மிச்சம் 0 ஆகிவிடும். பற்றாக்குறை 4,836 டாலர், இரவுக்கு 101.