சிவப்பு சோப்பு பேசிய குரல்

நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மளிகைக் கடைக்குப் போய் லைஃப்பாய் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டிய அவசியம் பல ஊர்களில் இருந்ததில்லை. "அண்ணாச்சி, சிவப்பு சோப்பு ஒண்ணு" என்றால் போதும், எடுத்துக் கொடுத்துவிடுவார். படிக்கத் தெரியாதவருக்கும் அந்த நிறம் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தாலும் தெரியும்.

அந்தக் கட்டியைக் கையில் எடுத்தவர்களுக்கு மறக்காது. செங்கல் மாதிரி நேரான விளிம்பு, கையை நிறைக்கும் கனம், லேசில் கரையாத இறுக்கம். உறையைப் பிரிப்பதற்கு முன்பே மூக்கில் ஏறும் கார்பாலிக் நெடி. ஆஸ்பத்திரித் தரையைத் துடைக்கும் மருந்துக்குச் சொந்தக்கார வாசனை அது. எங்கள் வீட்டில் அந்த சோப்பு கிணற்றடியில்தான் இருக்கும். வயலிலிருந்து வந்த ஆண்கள் உச்சி முதல் கால்வரை அதையே தேய்த்துக் குளிப்பார்கள். பெண்களின் வாசனை சோப்பு குளியலறை மாடத்தில் தனியாக இருக்கும். இரண்டையும் யாரும் மாற்றி எடுத்ததில்லை. எது யாருடையது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. நிறமும் நெடியும் வடிவமுமே அதைச் சொல்லிவிட்டன.

இங்கிலாந்தின் லீவர் சகோதரர்கள் 1894-ல் தொடங்கிய சோப்பு அது. அடுத்த ஆண்டே இந்தியாவுக்கு வந்துவிட்டது. அதன் விளம்பரங்களும் பொருளின் குணத்தை ஒட்டியே நடந்தன. கால்பந்து ஆடுகிறவர், சேறும் வியர்வையுமாக உழைக்கிறவர், குளித்து முடித்துத் தலையை உதறி நிமிர்கிறவர். கூடவே ஆரோக்கியத்தைப் பற்றிய ஒரு பாட்டு. வானொலியிலும் சினிமாக் கொட்டகையிலும் அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்றும் அந்த மெட்டை முணுமுணுக்கும். விளம்பரக்காரர்கள் அந்த ஆளுமையை வெறுங்கையால் உருவாக்கிவிடவில்லை. கட்டிக்குள் ஏற்கெனவே ஒரு முரட்டு ஆண் இருந்தான். அவர்கள் அவனுக்கு ஒரு முகமும் குரலும் கொடுத்தார்கள். உழைக்கிற உடம்பை நேராகப் பார்த்து, மரியாதையோடு பேசிய விளம்பரம் அது. இன்று அப்படிப் பேசும் சோப்பு விளம்பரம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

1990-களின் கடைசியில் கார்பாலிக் சோப்புகளின் விற்பனை சரியத் தொடங்கியது. வீட்டுக்குச் சாமான் வாங்கும் முடிவு பெண்கள் கையில் இருந்தது. பிள்ளைகளுக்கு அந்த நெடி பிடிக்கவில்லை. 2002-ல் இந்துஸ்தான் லீவர் துணிந்து ஒரு காரியம் செய்தது. நூறு ஆண்டுக்கு மேல் அந்த சோப்பின் உயிராக இருந்த கார்பாலிக்கையே எடுத்துவிட்டது. நேரான விளிம்புகள் போய் வளைவுகள் வந்தன, நெடி போய் நறுமணம் வந்தது. ஆடுகளத்து ஆண் ஒதுங்கிக்கொள்ள, அம்மாவும் பிள்ளைகளும் விளம்பரத்துக்குள் வந்தார்கள். மிஞ்சியது பெயரும் சிவப்பும்தான். அந்தச் சிவப்புக்கும் அர்த்தம் மாறிப்போனது. முன்பு பலத்தின் நிறமாக இருந்தது, இப்போது கிருமி பற்றிய எச்சரிக்கையின் நிறம்.

இந்த மாற்றத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதே ஆண்டு கிராமப் பள்ளிகளில் கை கழுவும் பழக்கத்தைச் சொல்லித்தரும் திட்டத்தை அந்த நிறுவனம் தொடங்கியது. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிற கையிலும் கிருமி இருக்கும் என்பதைப் பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்டினார்கள். 2013 அலகாபாத் கும்பமேளாவில் 25 லட்சம் ரொட்டிகளின் மேல், 'லைஃப்பாய் போட்டுக் கை கழுவினாயா' என்ற கேள்வியை இந்தியில் சூடாக அச்சுக் குத்திக் கொடுத்தார்கள். சாப்பிட உட்கார்ந்தவர் ரொட்டியைத் தொடும் கணத்தில் கேள்வி கண்ணில் படும். எந்த இடத்தில் பேசினால் காதில் விழும் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை. வயிற்றுப்போக்கில் பிள்ளைகள் சாகிற நாட்டில் அந்தப் பேச்சுக்குத் தேவை இருந்தது. கிணற்றடி ஆணாகவே நின்றிருந்தால் அந்த சோப்பால் இதைப் பேசியிருக்க முடியாது.

எனக்குக் கவலை தருவது, அதன் பிறகு மற்ற சோப்புகளும் அதே குரலில் பேசத் தொடங்கியதுதான்.

1970-களில் வந்த லிரில் சோப்பை நினைத்துப் பாருங்கள். கொடைக்கானல் பாம்பார் அருவியில் பச்சை நீச்சலுடையில் ஒரு பெண் ஆடிக் குளிப்பாள். எலுமிச்சை, தண்ணீர், சிரிப்பு தவிர அந்தப் படத்தில் வேறெதுவும் இல்லை. அந்த அருவிக்கு லிரில் அருவி என்றே பெயர் நின்றுவிட்டது. இந்தியக் குடும்பப் பெண்ணுக்குத் தனக்கென்று கிடைப்பது குளிக்கிற அந்தப் பத்து நிமிடம்தான், அதைத்தான் படமாக்கினோம் என்று லிண்டாஸ் விளம்பர நிறுவனத்தின் அலீக் பதம்சி சொல்லிவந்தார். ஒரு பெண்ணின் மகிழ்ச்சி மட்டுமே ஒரு சோப்பின் குணமாக இருக்க முடிந்த காலம் அது.

ஹமாம் கதை நமக்கு இன்னும் நெருக்கம். டாடா ஆயில் மில்ஸ் 1931-ல் கொண்டுவந்த சோப்பு, 1993-ல் அந்த நிறுவனத்தோடு லீவர் வசம் போனது. தமிழ்நாட்டைப் போல அதை வேறு எந்த மாநிலமும் சொந்தமாக்கிக்கொள்ளவில்லை. பச்சை நிறம், அளவான மணம், பகட்டில்லாத உறை. வீட்டில் எல்லோருக்கும் ஒன்று போதும் என்கிற நேர்மையான சோப்பு என்று பெயர் வாங்கியது. பிறகு உறையில் வேப்பிலையும் துளசியும் கற்றாழையும் ஏறின. ஹமாம் இருக்கும்போது பயம் எதற்கு என்று விளம்பரம் கேட்டது. ஆறுதல் சொல்வதற்காகவே முதலில் பயத்தை வீட்டுக்குள் அழைத்து வந்த கேள்வி அது. 2017-ல் பெண்பிள்ளைகள் வெளியே பாதுகாப்பாகப் போய்வருவதைப் பற்றியே விளம்பரம் எடுத்தார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் சோப்புக்கும் பயத்துக்கும் இடையிலான முடிச்சு அதில் இன்னும் இறுகியது.

இன்று சூப்பர் மார்க்கெட்டில் சோப்பு அடுக்கின் முன் நின்றால் கேடயம், இலை, கிருமியைச் சுட்டும் சதவீதம், அந்தச் சதவீதத்தின் தோளில் ஒரு நட்சத்திரக் குறி. ஆய்வகச் சோதனைப்படி என்று கீழே பொடி எழுத்து. நிறங்கள் வேறு, சொல்வது ஒன்றுதான். நம்மைச் சுற்றி ஆபத்து இருக்கிறது, பிள்ளையைக் காப்பாற்று. ஒரு தாயின் பதற்றத்தையே திரும்பத் திரும்பத் தட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சோப்பின் உண்மையான குணத்தை அறிய உறையின் பின்பக்கத்தைத் திருப்ப வேண்டும். டி.எஃப்.எம். என்று ஓர் எண் இருக்கும். கொழுப்புப் பொருள் எவ்வளவு என்பதன் கணக்கு அது. இந்தியத் தர விதிப்படி 76 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம், 70 இருந்தால் இரண்டாம் தரம், 60 மூன்றாவது. அதற்கும் கீழே உள்ளது 'பாத்திங் பார்' என்ற பெயரில் வரும். முன்பக்கத்தில் பிள்ளையை அணைத்திருக்கும் அம்மாவின் படம் எவ்வளவு பெரிது, பின்பக்கத்தில் இந்த எண் எவ்வளவு சிறிது என்று ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

குணம் மாறாமல் நிற்பதில் மைசூர் சாண்டலைச் சொல்ல வேண்டும். 1916-ல் மைசூர் சமஸ்தானம் சந்தன எண்ணெய் எடுக்கத் தொடங்கியதில் பிறந்த சோப்பு. யானைத் தலையும் சிங்க உடலும் கொண்ட சரபம் இன்னும் அதன் முத்திரை. பூ வேலைப்பாடு போட்ட அட்டைப் பெட்டியும் முட்டை வடிவக் கட்டியும் பழைய ஜாடையிலேயே இருக்கின்றன. பெட்டி காலியானாலும் புடவைகளுக்கு நடுவே வைத்துவிடுவார்கள், மணம் போக மாதக்கணக்காகும். 2025-ல் கர்நாடக அரசு நிறுவனம் இதற்கு நடிகை தமன்னாவை இரண்டு ஆண்டுக்கு 6.2 கோடி ரூபாயில் விளம்பரத் தூதராக்கியது. கன்னட நடிகை கிடைக்கவில்லையா என்று அங்கே சண்டை மூண்டது. மாநிலத்துக்கு வெளியே சந்தை பிடிக்க என்று அரசு விளக்கம் கொடுத்தது. நடிகை எந்த ஊர் என்பதைவிட, அவரை வைத்து என்ன பேசப்போகிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். அந்த சோப்பிடம் சொல்வதற்குச் சந்தனம் இருக்கிறது. கேடயமும் சதவீதமும் அதன் பெட்டி மேல் ஏறாமல் இருக்க வேண்டும்.