கியாஸ் நாற்றமா? ஸ்விட்சில் கை வைக்காதீர்கள்!

நள்ளிரவு நேரம். சமையல் கட்டில் இருந்து 'குப்' என்று ஒரு நாற்றம். "என்னது இது?" என்று தூக்க கலக்கத்தில் எழுந்து வருகிறவர், இருட்டில் தடவி லைட்டை போடுகிறார். அடுத்த வினாடி, "டமார்!"

தீயணைப்பு வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்து போகிறது.

"சிலிண்டர் வெடித்துவிட்டது" என்று தெருவே பேசும். உள்ளே போய் பார்த்தால், பல நேரம் சிலிண்டர் முழுசாக நிற்கும். வெடித்தது, அறைக்குள் நிரம்பி நின்ற கியாஸ்!

தரையில் பதுங்கும் எமன்

சமையல் கியாசுக்கு சொந்த வாசனை கிடையாது. ஒழுகினால் தெரியட்டும் என்றே 'மெர்காப்டான்' என்ற நாற்ற மருந்தை கலக்கிறார்கள்.

கியாஸ் காற்றை விட கனமானது. மேலே போகாது. தரையோடு பரவி மூலையில் பதுங்கும். காற்றில் 100-க்கு 2 பங்கு சேர்ந்தாலே, ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும்.

அந்த பொறி ஸ்விட்சுக்குள் இருக்கிறது. போட்டாலும் பொறி, அணைத்தாலும் பொறி. "பேனை போட்டா நாத்தம் போயிடுமே" என்று நினைப்பது ஆபத்து. பக்கத்து வீட்டுக்காரர் கூட காலிங் பெல்லை அமுக்காமல் கதவைத்தான் தட்ட வேண்டும்.

என்ன செய்வது?

சாமி விளக்கு, ஊதுவத்தி எரிந்தால் அணையுங்கள். ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு, ஜன்னல்களை திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். மெயின் ஸ்விட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் மட்டும் அணைக்கலாம். வெளியே வந்த பிறகு 1906-க்கு போன் போடுங்கள். கியாஸ் கசிவுக்கான அவசர நம்பர் இது. ராத்திரியிலும் கிடைக்கும்.

செலவில்லாத சோதனை

சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் ஒரு டம்ளர் தண்ணீரில் சோப்பை கரையுங்கள். அடுப்பு திருகுகளை மூடி, ரெகுலேட்டரை மட்டும் திறந்து, இணைப்புகளிலும் குழாயிலும் தடவுங்கள். முட்டை முட்டையாக நுரை வந்தால் அங்கேதான் ஒழுகல். உடனே ரெகுலேட்டரை மூடிவிட்டு ஏஜென்சிக்கு சொல்லுங்கள். தீக்குச்சி கிழித்து பார்ப்பது தற்கொலைக்கு சமம்!

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ரப்பர் குழாயையே வாங்குங்கள். கம்பி வலை வைத்த 'சுரக்ஷா' குழாய்க்கும் ஆயுள் 5 வருடம்தான். வெடிப்பு தெரிந்தால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

சிலிண்டருக்கும் தேதி உண்டு

கைப்பிடி வளையத்துக்கு கீழே உள்ள பட்டையில் ஓர் ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கும். 'ஏ' என்றால் மார்ச், 'பி' ஜூன், 'சி' செப்டம்பர், 'டி' டிசம்பர். 'டி-27' என்றால் 2027 டிசம்பருக்குள் மறுபடி சோதிக்க வேண்டிய சிலிண்டர். தேதி கடந்திருந்தால், "வேணாம்ப்பா, வேற கொண்டு வா" என்று திருப்பி அனுப்புங்கள்.

இருட்டில் கை தானாக ஸ்விட்சுக்குத்தான் போகும். பழக்கம் அப்படி. இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது, பாட்டி முதல் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் இதை சொல்லி வையுங்கள். ரெகுலேட்டரை மூடிவிட்டு படுங்கள்.