டிஸ்னி வேர்ல்டில் சாப்பிட 60 நாளுக்கு முன்னாடியே புக்கிங்! எதுக்கு அவசியம், எதுக்கு தேவையே இல்லை?

மே மாதம் சாப்பிடப் போற டிபனுக்கு மார்ச் மாதமே டேபிள் பிடிக்கணும்னு சொன்னா நம்ம ஊர்ல யாரும் நம்ப மாட்டாங்க. ஆனால் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாகாணத்தில், ஆர்லாண்டோ பக்கத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் அதுதான் நடைமுறை.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாக்கள், கோடை விடுமுறைக்குக் குழந்தைகளோடு போகும் குடும்பங்கள் என நம்ம ஊரிலிருந்தும் பலர் அங்கே போகிறார்கள். விசா, விமான டிக்கெட், ஹோட்டல், பூங்கா டிக்கெட் எல்லாம் பக்காவாக இருக்கும். சாப்பாடு மட்டும் 'அங்க போய் பார்த்துக்கலாம்' கணக்கில் விடப்படும். கோட்டைக்குள்ளே இளவரசிகளோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று குழந்தைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அங்கே போய் 'இடம் இல்லை' என்ற பதிலைக் கேட்கும்போதுதான் விஷயம் புரியும்.

அப்படியென்றால் எல்லா வேளைக்கும் 60 நாளுக்கு முன்பே புக் செய்ய வேண்டுமா? வேண்டாம். விரல்விட்டு எண்ணக்கூடிய சில உணவகங்களுக்குத்தான் அந்த அவசரம். எதற்கு அவசரப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

60 நாள் கணக்கு என்றால் என்ன?

டிஸ்னி வேர்ல்டில் மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் என 4 பெரிய பூங்காக்கள் இருக்கின்றன. இவை தவிர டிஸ்னியின் சொந்த ஹோட்டல்கள், டிஸ்னி ஸ்பிரிங்ஸ் என்ற கடைவீதி ஆகியவையும் உண்டு. எல்லா இடத்திலும் உணவகங்கள் இருக்கின்றன. இதில் மேஜையில் உட்கார வைத்து பரிமாறும் உணவகங்களில் பெரும்பாலானவற்றுக்கு, சாப்பிடும் தேதிக்கு 60 நாள் முன்பாக முன்பதிவு திறக்கும்.

பழைய பயணக் குறிப்புகளிலும் வீடியோக்களிலும் '180 நாள்' என்று சொல்வதைப் பார்க்கலாம். அது 2020-க்கு முந்தைய விதி. கொரோனா காரணமாக அந்த ஆண்டு மார்ச்சில் மூடப்பட்ட பூங்காக்கள் ஜூலையில் மீண்டும் திறந்த பிறகு, 180 நாள் என்பது 60 நாளாகக் குறைக்கப்பட்டது. அதனால் 'ஆறு மாசத்துக்கு முன்னாடியே போட்டிருக்கணுமே, விட்டுட்டோமே' என்று யாரும் கவலைப்படத் தேவையில்லை.

ஹோட்டல் எங்கே என்பதில்தான் சூட்சுமம்

டிஸ்னியின் சொந்த ஹோட்டலில் தங்குபவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. செக்-இன் செய்யும் நாளுக்கு 60 நாள் முன்பாகவே, தங்கப்போகும் எல்லா நாட்களுக்கும் (அதிகபட்சம் 10 நாள் வரை) ஒரே மூச்சில் புக் செய்து விடலாம். வெளி ஹோட்டலிலோ, உறவினர் வீட்டிலோ தங்குபவர்கள் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக 60 நாள் எண்ணிக் காத்திருக்க வேண்டும்.

ஒரு உதாரணம். ஒரு குடும்பம் மே 20-ம் தேதி டிஸ்னி ஹோட்டலில் செக்-இன் செய்கிறது. அவர்களுக்கு மார்ச் 21-ம் தேதி முன்பதிவு திறக்கும். மே 20 சாப்பாடு மட்டுமல்ல, மே 24 சாப்பாட்டையும் அன்றைக்கே புக் செய்யலாம். வெளியில் தங்கும் குடும்பம் அதே மே 24 சாப்பாட்டை மார்ச் 25-ம் தேதிதான் புக் செய்ய முடியும். அதாவது 4 நாள் பின்னாடி.

இதிலிருந்து இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொள்ளலாம்.

டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள், கிடைக்கவே கிடைக்காத உணவகத்தைப் பயணத்தின் கடைசி நாட்களில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அந்த நாட்களுக்கு வெளியாட்கள் இன்னும் வரிசைக்கே வந்திருக்க மாட்டார்கள். போட்டி குறைவு. முதல் நாளுக்கே தேடினால், ஏற்கெனவே ஒரு வாரம் முன்பு செக்-இன் செய்யும் குடும்பங்கள் அந்த நாளைப் பிடித்து வைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

வெளியில் தங்குபவர்களுக்கு இந்த வசதி இல்லாததால், 60-வது நாள் காலையைத் தவறவிடக் கூடாது.

இந்திய நேரப்படி எத்தனை மணி?

ஆன்லைன் முன்பதிவு ஆர்லாண்டோ நேரப்படி காலை 6 மணி வாக்கில் திறக்கும். நம்ம ஊரிலிருந்து புக் செய்பவர்களுக்கு இது ஒரு நல்ல செய்தி. அமெரிக்காவில் கோடைகால நேரம் அமலில் இருக்கும் மாதங்களில் (மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை) அது இந்திய நேரப்படி மாலை 3.30 மணி. மற்ற மாதங்களில் 4.30 மணி. அங்கே இருப்பவர்கள் அலாரம் வைத்து எழ வேண்டும். இங்கே காபி குடித்துக்கொண்டே போட்டுவிடலாம்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பார்க்க வேண்டியது புக் செய்யும் நாளில் என்ன நேரம் என்பதை, பயண மாதத்தின் நேரத்தை அல்ல. பொங்கல் விடுமுறையை ஒட்டிய ஜனவரி பயணத்துக்கு நவம்பர் நடுவில் புக் செய்தால் 4.30 மணி கணக்குதான்.

முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியவை:

* 'மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ்' செயலியில் கணக்கு தொடங்கி, குடும்பத்தினர் பெயர்களைச் சேர்த்து வைக்க வேண்டும்.

* டிஸ்னி ஹோட்டல் என்றால் அதன் முன்பதிவு எண்ணை அந்தக் கணக்கில் இணைக்க வேண்டும். இணைக்காவிட்டால் 10 நாள் சலுகை வேலை செய்யாது. டிராவல் ஏஜென்ட் மூலம் போட்டிருந்தால், டிஸ்னியின் எண்ணைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

* முன்பதிவுக்குக் கிரெடிட் அல்லது டெபிட் கார்டு விவரம் கேட்பார்கள். இந்திய கார்டு என்றால், வங்கி செயலிக்குள் போய் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் செய்து வைக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் கார்டு மறுக்கப்பட்டால் டேபிள் கைநழுவிவிடும்.

* கைக்குழந்தையையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். 3 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள் பஃபே உணவகங்களில் கட்டணம் இல்லாமல் சாப்பிடலாம். ஆனால் உட்கார இடம் வேண்டுமே!

* 10 வயது ஆகிவிட்டால் டிஸ்னி கணக்கில் 'பெரியவர்' கட்டணம். 3 முதல் 9 வயது வரைதான் குழந்தைகள் கட்டணம்.

முதல் நாளே முந்த வேண்டிய உணவகங்கள் எவை?

*சிண்ட்ரெல்லாஸ் ராயல் டேபிள்:* மேஜிக் கிங்டத்தின் நடுநாயகமாக நிற்கும் கோட்டைக்கு உள்ளேயே இருக்கிறது. குழந்தைக்குப் பிறந்தநாள் என்றால் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

*ஸ்பேஸ் 220:* எப்காட் பூங்காவில் 2021 செப்டம்பரில் திறக்கப்பட்டது. லிஃப்டில் ஏறினால், பூமியிலிருந்து 220 மைல் உயரத்தில் உள்ள விண்வெளி நிலையத்துக்குப் போவது போன்ற காட்சி அமைப்பு. ஜன்னலுக்கு வெளியே பூமி தெரியும்படி திரை.

*டோபோலினோஸ் டெரஸ், ஷெஃப் மிக்கீஸ்:* மிக்கி மவுஸ் கூட்டம் மேஜைக்கே வந்து போட்டோ எடுத்துக்கொள்ளும் 'கேரக்டர் டைனிங்' வகை. டோபோலினோஸில் இது காலை உணவுக்கு மட்டும்தான். இரண்டும் ஹோட்டல்களுக்குள் இருப்பதால் பூங்கா டிக்கெட் தேவையில்லை.

*கலிஃபோர்னியா கிரில்:* கன்டெம்பரரி ஹோட்டலின் உச்சியில் இருக்கிறது. மேஜிக் கிங்டம் வாணவேடிக்கையைப் பார்த்தபடி சாப்பிடலாம். வாணவேடிக்கை நேரத்தை ஒட்டிய மேஜைகள் சீக்கிரம் போய்விடும்.

*ஹூப்-டீ-டூ:* ஆட்டம் பாட்டத்தோடு கூடிய இரவு விருந்து. 1974 முதல் நடக்கிறது. இதற்கு முழுப் பணத்தையும் முன்பே கட்ட வேண்டும்.

இந்த மாதிரி ஒன்றோ இரண்டோ வேண்டும் என்றால் மட்டும் 60 நாள் கணக்கு முக்கியம். மற்ற உணவகங்களில், கூட்டம் குறைவான சீசனில், சில வாரங்களுக்கு முன்பு தேடினாலும் இடம் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரம் மட்டும் விதிவிலக்கு. அப்போது எல்லாமே சீக்கிரம் நிரம்பும்.

எத்தனை வேளைக்கு புக் பண்ணலாம்?

இங்குதான் பலர் அளவுக்கு மீறிப் போகிறார்கள். உட்கார்ந்து சாப்பிடும் ஒரு வேளைக்கு ஒரு மணி நேரமாவது போய்விடும். வேறு ஹோட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டால் பஸ், மோனோரயில் நேரம் தனி. பூங்காவுக்கு ஒரு நாள் டிக்கெட்டே ஒருவருக்கு 100 டாலரைத் தாண்டும்போது, மூன்று வேளையும் டேபிளில் உட்கார்ந்தால் ரைடு எப்போது போவது? ஒரு நாளைக்கு ஒரு உட்கார்ந்த சாப்பாடு போதும்.

பில்லையும் யோசிக்க வேண்டும். மெனு விலைக்கு மேல் வரி உண்டு. டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம் கொடுப்பது அங்கே வழக்கம். 6 பேர் அல்லது அதற்கு மேல் போனால் 18 சதவீதம் தானாகவே பில்லில் ஏறிவிடும். தாத்தா பாட்டியோடு போகும் குடும்பம் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வந்துவிடும். பில்லைப் பார்க்காமல் மறுபடி டிப்ஸ் போட்டுவிட வேண்டாம்.

புக் பண்ணிட்டு போக முடியலைன்னா?

பெரும்பாலான உணவகங்களில், குறித்த நேரத்துக்கு 2 மணி நேரம் முன்பு வரை கட்டணமின்றி ரத்து செய்யலாம். அதற்கு மேல் ரத்து செய்தாலோ, போகாமலே விட்டாலோ தலைக்கு 10 டாலர் பிடித்தம். நாலு பேர் குடும்பத்துக்கு 40 டாலர் தண்டம். முன்பணம் கட்டும் உணவகங்களுக்கும், சில உயர்தர உணவகங்களுக்கும் விதி இன்னும் கடுமை. புக் செய்யும் பக்கத்திலேயே அது எழுதியிருக்கும். படித்துவிட்டு அழுத்துவது நல்லது.

60-வது நாளைத் தவறவிட்டாச்சு... இனி என்ன வழி?

இந்த 2 மணி நேர விதியே தவறவிட்டவர்களுக்குக் கைகொடுக்கிறது. கடைசி நேரம் வரை செலவில்லாமல் ரத்து செய்யலாம் என்பதால், பலர் இரண்டு மூன்று இடங்களில் போட்டு வைத்துவிட்டுப் பயணம் நெருங்கும்போது விடுவிப்பார்கள். அதனால் முந்தைய நாள் இரவும், அன்றைய தினம் காலையிலும் செயலியில் தேடினால், மாதக்கணக்கில் 'இல்லை' என்று காட்டிய உணவகத்தில் திடீரென இடம் தெரியும். இரண்டு பேருக்கான மேஜை, ஆறு பேருக்கானதைவிடச் சுலபமாகக் கிடைக்கும். பெரிய குடும்பம் என்றால் 3 பேர், 3 பேர் எனப் பிரித்தும் தேடிப் பார்க்கலாம்.

இன்னொரு வழி 'வாக்-அப் லிஸ்ட்'. உணவகத்துக்குப் பக்கத்தில் நின்றபடி செயலியில் பெயர் பதிந்தால், இடம் காலியாகும்போது அழைப்பு வரும். எல்லா உணவகத்திலும் எல்லா நேரமும் இது திறந்திருக்காது. ஆனால் மதியம் 3 மணி போன்ற ரெண்டுங்கெட்டான் நேரத்தில் முயற்சி செய்யலாம்.

புக்கிங்கே தேவையில்லாத சாப்பாடு

கவுன்டரில் வாங்கிச் சாப்பிடும் 'குவிக் சர்வீஸ்' கடைகளுக்கு முன்பதிவு வேண்டாம். செயலியில் 'மொபைல் ஆர்டர்' மூலம் காலையிலேயே மதியச் சாப்பாட்டுக்கான நேரத்தைத் தேர்வு செய்து வைக்கலாம். கடைக்குப் பக்கத்தில் வந்ததும் 'வந்துவிட்டேன்' என்பதை அழுத்தினால் தயாரிக்கத் தொடங்குவார்கள்.

சர்க்கரை மாத்திரை போடும் பெரியவர்கள் கூட வந்தால் இது ரொம்ப முக்கியம். மதியம் 12.30 மணிக்குப் பசியோடு கவுன்டர் வரிசையில் நிற்க வைப்பது பயணத்தையே கெடுத்துவிடும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு...

டிஸ்னி மெனுக்களில் 2019 முதல் பச்சை இலைக் குறியீடு இருக்கிறது. அந்தக் குறி இருந்தால் இறைச்சி மட்டுமல்ல, முட்டை, பால் பொருட்களும் இல்லாத உணவு என்று அர்த்தம். வெங்காயம், பூண்டு தவிர்ப்பவர்கள் பரிமாறுபவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வாமை இருந்தால் புக் செய்யும்போதே குறிப்பிடலாம்.

இந்திய ருசி தேடுபவர்களுக்கு 'சனா' என்ற உணவகம் உண்டு. அனிமல் கிங்டம் லாட்ஜ் ஹோட்டலில் இருக்கும் இங்கே, ஆப்பிரிக்க உணவோடு இந்திய ரொட்டி வகைகளும் தொட்டுக்கொள்ள சட்னி வகைகளும் பிரபலம். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேயும்.

இது எதுவும் ஒத்துவராது என்றாலும் கவலை வேண்டாம். பூங்காவுக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோக அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது, சூடுபடுத்தத் தேவையில்லாத உணவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எலுமிச்சை சாதமோ சப்பாத்தி ரோலோ தாராளமாகக் கொண்டு போகலாம். குவிக் சர்வீஸ் கவுன்டர்களில் ஐஸ் தண்ணீர் இலவசமாகக் கேட்டு வாங்கலாம்.

மற்ற டிஸ்னி பூங்காக்களில் எப்படி?

கலிஃபோர்னியாவில் உள்ள டிஸ்னிலேண்டிலும் 60 நாள் கணக்குதான். ஜப்பானின் டோக்கியோ டிஸ்னியில் பொதுவாக ஒரு மாதம் முன்பு திறக்கும். ஒரு பூங்காவின் விதியை இன்னொன்றுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

சுருக்கமாக

குடும்பத்தில் எல்லோரிடமும் கேட்டு, 'இது இல்லாமல் திரும்பக் கூடாது' என்ற ஒன்று அல்லது இரண்டு உணவகங்களைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு 60-வது நாளை போன் காலண்டரில் குறித்து வையுங்கள். டிஸ்னி ஹோட்டல் என்றால் செக்-இன் தேதியிலிருந்து எண்ணுங்கள், வெளி ஹோட்டல் என்றால் சாப்பிடும் தேதியிலிருந்து எண்ணுங்கள். மற்ற வேளைகளை மொபைல் ஆர்டர் பார்த்துக்கொள்ளும். விதிகளும் கட்டணங்களும் அவ்வப்போது மாறும் என்பதால், புக் செய்வதற்கு முன் டிஸ்னியின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். குழந்தைக்கு வாக்குக் கொடுப்பதை மட்டும், டேபிள் உறுதியான பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.